கொம்பு வைத்த பெயர்கள்

2014 ஏப்ரலில் இரண்டு நிறுத்தங்கள் அடுத்தடுத்து வந்தன. 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு இனி அப்டேட் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. 15-ஆம் தேதி கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. அப்போதெல்லாம் தடை 45 நாள். 61 நாளானது பிறகுதான். மீஞ்சூரில் இரண்டாவது நிறுத்தம் தெரியாதவர்கள் கிடையாது, வஞ்சிரம் விலையைக் கேட்டாலே தெரிந்துவிடும். முதலாவதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் என்னைப் போன்ற நாலைந்து கடைக்காரர்களும் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் வாத்தியார்களும்தான்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை. போர்டில் பிரவுசிங், ஜெராக்ஸ், லேமினேஷன் என்று வரிசையாக எழுதியிருந்தாலும் சோறு போட்டது தமிழ் டைப்பிங். பழவேற்காட்டுப் பக்கத்தாருக்குத் தாலுகா ஆபீஸ் பொன்னேரியில். ஆனாலும் பட்டணத்துக்கு மீன் கொண்டுபோய்த் திரும்புகிறவர்கள், வல்லூர் அனல்மின் நிலையத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் மீஞ்சூரில் வண்டி மாறுவார்கள். மாறுகிற நேரத்தில் கடைக்கு வருவார்கள். கல்யாணப் பத்திரிகை, கருமாதி அழைப்பு, திருவிழா நோட்டீஸ் இவற்றையெல்லாம்விடக் குப்பங்களிலிருந்து அதிகம் வந்தது மனு. முகத்துவாரம் தூர்ந்துவிட்டது, மண் அள்ள வேண்டும். ஆற்றில் சாம்பல் கலக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வேலை தருவதாகச் சொன்னீர்கள், என்ன ஆயிற்று. திங்கட்கிழமை திருவள்ளூரில் கலெக்டர் குறைதீர் கூட்டம் என்றால் சனிக்கிழமை சாயந்தரம் கடையில் உட்கார இடம் இருக்காது.

கடையில் நாலு கம்ப்யூட்டர்கள். எல்லாம் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிக் கட்டியவை. பென்டியம் 4, 512 எம்.பி. ரேம். எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்த மென்பொருள். அது எங்கள் கடைக்கு வந்த வழியை இப்போது சொன்னால் யாரும் கேஸ் போட வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சி.டி., உறையின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் ஐந்தைந்தாகப் பிரித்து எழுதிய 25 எழுத்துச் சாவி. எனக்குத் தெரிந்த டி.டி.பி. கடைகள் எல்லாமே அந்த மாதிரி ஒரு சாவியில் திறந்தவைதான். நெட் இணைப்பைக் கொடுத்தால் போதும், திரையின் மூலையில் ஒரு நட்சத்திரம் வந்து உட்கார்ந்து, நீங்கள் போலி மென்பொருளுக்குப் பலியாகி இருக்கலாம் என்று துக்கம் விசாரிக்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள்காரர்கள் எங்களிடம் வந்தால் முதலில் சொல்வது 'இது இலவசம்' என்பதுதான். அந்தப் பேச்சு எங்களிடம் எடுபடவே இல்லை. எக்ஸ்பியும் எங்களுக்கு இலவசம். பேஜ்மேக்கரும் இலவசம். நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்களும் இலவசம். காசு மிச்சமாகும் என்று சொல்லி ஒரு டி.டி.பி. கடைக்காரனை அந்தக் காலத்தில் அசைத்திருக்க முடியாது.

அசைத்தது பென் டிரைவ். ஊர் ஊராகச் சுற்றிய பென் டிரைவ்கள் கடைக்கு வந்துதான் இளைப்பாறும். செருகிய உடனே 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் ஒரு மஞ்சள் ஃபோல்டர் தெரியும். அது ஃபோல்டரே அல்ல, வைரஸ். இன்னொரு வகை, இருக்கிற ஃபோல்டர்களை எல்லாம் மறைத்துவிட்டு அவற்றின் இடத்தில் ஷார்ட்கட்டுகளை வைக்கும். "அண்ணா, என் ரெஸ்யூம் காணோம்" என்று பாலிடெக்னிக் பையன்கள் முகம் வெளுத்து நிற்பார்கள். அப்டேட் வந்துகொண்டிருந்த காலத்திலேயே இந்தப் பாடு. இனி ஓட்டை கண்டுபிடித்தாலும் அடைக்க ஆள் இல்லை என்றால் கடையை எப்படி நடத்துவது?

அதற்குப் பல வருஷம் முன்பே உபுண்டு லினக்ஸ் சி.டி. ஒன்று தபாலில் என்னிடம் வந்திருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் உலகம் முழுக்க ஓசியில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், 2011 வரைக்கும். மீஞ்சூர் தபால்காரர் அந்த வெளிநாட்டு உறையைக் கொடுத்துவிட்டு, என்ன வேலைக்கு மனு போட்டிருக்கிறாய் என்று கேட்டார். சி.டி.யைப் போட்டுப் பார்த்தேன், அழகாக இருந்தது, எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் அதில் ஒன்று தெரிந்துகொண்டேன். வைரஸ் பிடித்த பென் டிரைவை லினக்ஸில் செருகினால் மறைந்த ஃபோல்டர்கள் பளிச்சென்று தெரியும். வைரஸ் கோப்பு அதன் பாட்டுக்குச் செத்துக் கிடக்கும், கையால் எடுத்துப் போட்டுவிடலாம். அப்போதிலிருந்து மூலையில் ஒரு பெட்டியில் அந்த சி.டி.யைப் பென் டிரைவ் கழுவ மட்டும் வைத்திருந்தேன். கழுவ 10 ரூபாய்.

எக்ஸ்பி ஓய்வுபெறும் நேரத்தில் தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அரசுத் துறைகளுக்கு எழுதியது. செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடை மாமா, "கவர்மெண்டே மாறுதாமே, நீ என்னா பண்ணப்போற?" என்று கேட்டார். பாஸ் நமக்கு அந்நியமான சரக்கல்ல. சென்னையில் இருக்கிற சி-டாக் செய்தது, டெபியனை அடித்தளமாகக் கொண்டது, முதல் பதிப்பு 2007-இல் வந்தது. அதே காலத்தில் சி. உமாசங்கர் அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனமே சூஸி லினக்ஸுக்கு மாறியிருந்தது. ஆக, அரசுக்கு லினக்ஸ் 2014-இல் திடீரென்று வந்த ஞானோதயம் அல்ல.

எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் பாஸை அதற்கு முன்பே நன்றாக அறிவார்கள். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில்தான். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் இரண்டும் சேர்ந்தே வந்தன. திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். கேட்பதே பிள்ளைகளுக்குத் தொந்தரவு. "அண்ணா, இந்த பாஸைத் தூக்கிட்டு விண்டோஸ் மட்டும் வெச்சுக் குடுங்க" என்று பிளஸ் டூ முடித்தவர்கள் கடைக்கு வருவார்கள். தூக்கிக் கொடுத்துக் காசு வாங்கினேன். அதே ஆள் 2014 கோடையில் சொந்தக் கடையில் லினக்ஸ் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு பெண், "எங்ககிட்ட தூக்கினதையெல்லாம் இங்க போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தது.

நான் போட்டது பாஸ் அல்ல. என் கிழட்டுப் பெட்டிகளின் ரேமுக்குத் தாங்காது. எக்ஸ்பி நின்று ஒன்பதாம் நாள், ஏப்ரல் 17 அன்று, உபுண்டுவின் 14.04 பதிப்பு வந்தது. அதன் இளைத்த உருவம் லுபுண்டு. ஒரு சி.டி.யில் அடங்கும், 512 எம்.பி.யிலும் மூச்சு வாங்காமல் ஓடும். என் பெட்டிகளுக்குப் பென் டிரைவிலிருந்து கிளம்பத் தெரியாது, சி.டி.தான் எழுத வேண்டியிருந்தது. சந்தேகம் வந்தபோதெல்லாம் உதவியது 'கணியம்'. 2012-இல் த. சீனிவாசன் தொடங்கிய தமிழ் மின்னிதழ் அது. வேண்டிய பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு மேஜையில் வைத்திருந்தேன். சமையல் குறிப்புப் புத்தகம் என்று நினைத்து ஓர் அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்.

நிறுவியது ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது. அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. பிரிண்டர் படுத்தியது. கடைக்குக் கடை ஒரு சின்ன லேசர் பிரிண்டர் இருக்குமே, அதை லினக்ஸில் பேச வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் செகண்ட் ஹாண்டில் வேறு பிரிண்டர் வாங்கினேன், செருகியதும் வேலை செய்தது. ஓர் அரசு இணையதளம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத் தவிர வேறு முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றது. இறால் கம்பெனிக்காரர் ஒருவரின் கணக்கு மென்பொருள் லினக்ஸுக்கு வரவே இல்லை. அதனால் நாலில் மூன்று பெட்டிகள் மாறின. நாலாவது எக்ஸ்பியிலேயே நின்றது, நெட் வயரைப் பிடுங்கிவிட்டு.

டைப்பிங் அக்கா என்ன சொல்வாரோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர், மனு என்றால் வாயால் சொல்லச் சொல்ல அடிப்பார், திரையையே பார்க்க மாட்டார். அவருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் எது என்பது ஒரு பொருட்டே அல்ல, விரல் போகிற இடத்தில் எழுத்து இருக்க வேண்டும். ஐபஸ் என்ற கருவியில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகியவற்றோடு பழைய தட்டச்சு முறையும் இருந்தது. அதை வைத்துக் கொடுத்தேன். அரை மணி நேரம் அடித்துப் பார்த்துவிட்டு, "கலர் நல்லால்ல, மத்தபடி பரவால்ல" என்றார். பழைய மனு ஒன்றை எடுத்து அதில் தேதியை மாற்ற வேண்டியிருந்தது. திறந்தார். "இன்னாபா இது, ஒரே இங்கிலீஷா இருக்குது?"

இங்கிருந்துதான் உண்மையான மாற்றம் தொடங்கியது.

நாங்கள் அத்தனை வருஷம் அடித்ததில் ஓர் எழுத்துகூடக் கம்ப்யூட்டரின் கணக்கில் தமிழ் இல்லை. கடையில் புழங்கியது பாமினி எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. நீங்கள் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் போய் உட்காருவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. 'மீன்' என்பது சின்ன கே, பெரிய பி, சின்ன டி, அரைப்புள்ளி. பாமினி முகமூடி இருக்கிறவரை தமிழாகத் தெரியும், கழற்றினால் பிதற்றல். பாமினி மட்டுமா? ஒவ்வொரு கம்பெனியும் ஒரு முகமூடி செய்து விற்றது. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் விசைப்பலகைக்கு ஒரு தரம் வகுத்தார்கள், எழுத்துக் குறிமுறைக்கு டாம், டாப் என்று இரண்டு தரம் வகுத்தார்கள். 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடும் அதற்கு வழியில்லாத இடத்தில் டேஸ்16-உம் தான் அரசின் தரம் என்று ஆணை வந்தது. ஆணை கோட்டையில் இருந்தது, கடையில் பாமினி இருந்தது.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கொடுத்தாயிற்று. எக்ஸ்பிக்கும் யூனிகோடுத் தமிழ் தெரியும், லதா என்ற எழுத்துருவே உள்ளே இருந்தது. ஆனால் கன்ட்ரோல் பேனலுக்குப் போய், சிக்கலான எழுத்து முறைகள் என்று ஒரு கட்டத்தில் டிக் செய்து, சி.டி.யைத் திரும்பச் செருகினால்தான் எழுத்து ஒழுங்காகச் சேரும். அந்த டிக்கை நான் பார்த்த எந்தக் கடையிலும் யாரும் செய்ததில்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு புரியாது, பிறகு எதற்கு டிக்?

பாமினிக் கோப்பைத் தூக்கி லினக்ஸின் எழுத்துரு ஃபோல்டரில் போட்டேன். அக்காவின் மனு மறுபடி தமிழாகிவிட்டது. அப்படியே விட்டிருக்கலாம். விடாமல் போனதற்குக் காரணம் ஒரு பட்டியல்.

பழவேற்காட்டு ஏரியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஏறி இறங்கும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதற்கு அங்கே பாடு என்று ஒரு முறை உண்டு. ஊர் ஒப்புக்கொண்ட தலைக்கட்டுகள் மட்டும், சீட்டு எடுத்து, முறை வைத்துப் பிடிப்பார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்கள் இதற்குப் பேர்போனவை. கட்டற்ற மென்பொருளைப் பாடு முறையோடு ஒப்பிட்டு ஒரு நண்பர் என்னிடம் நெகிழ்ந்து பேசியிருக்கிறார். எனக்கு ஒப்பவில்லை. லினக்ஸில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். பாட்டில் பட்டியலுக்கு வெளியே இருக்கிறவன் வலையை இறக்க முடியாது. இருளர்கள் கையால் தடவி இறால் பிடிக்கிற அதே ஏரியில்தான் இந்தக் கணக்கும் நடக்கிறது. பட்டியலில் ஒரு பெயர் ஏறுவதும் இறங்குவதும் அங்கே ஒரு வீட்டு அடுப்பின் சமாசாரம்.

அந்தப் பக்கத்துக் குப்பம் ஒன்றின் நிர்வாகிகளில் ஒருவரான பெரியவர், ஊர்த் தலைக்கட்டுப் பட்டியலை எங்கள் கடையில்தான் அடித்து வைத்திருந்தார். முறைவாரியாக ஒன்று, அதை ஊரில் வைத்துக்கொள்வார்கள். ஆபீஸுக்குக் கொடுக்க அகரவரிசையில் ஒன்று. தடைக்கால நிவாரணத் தாள்கள் ஓடிக்கொண்டிருந்த அந்த மே மாதத்தில் அகரவரிசைப் பட்டியல் புதிதாக வேண்டும் என்று வந்தார். கூடவே காலேஜ் படிக்கிற பேத்தி. எக்ஸெல் கோப்பைத் திறந்து, வரிசைப்படுத்து என்று ஒரு கிளிக், பிரிண்ட். வழக்கமாகச் செய்வதுதான். பெரியவர் பக்கத்தை எண்ணிப் பார்த்துவிட்டு மடிக்கப் போனார். பேத்தி வாங்கிப் பார்த்தது.

"அண்ணா, இது எந்த ஊர் அகரவரிசை? கொம்பு வெச்ச பேரெல்லாம் ஒரே கூட்டமா நிக்குது."

எட்டிப் பார்த்தேன். கோவிந்தன், பொன்னுசாமி, தெய்வசிகாமணி, செல்வம், வேலு. ஒருவர் பின் ஒருவராக, அதே வரிசையில். பாமினியில் ஒற்றைக்கொம்பு சின்ன என், இரட்டைக்கொம்பு பெரிய என். 'செ' என்பதில் கொம்பு முன்னால் வருகிறதல்லவா, கோப்பிலும் அதுதான் முதல் எழுத்து. கம்ப்யூட்டருக்கு இவர்கள் எல்லோரும் என் என்ற எழுத்தில் தொடங்கும் வெள்ளைக்காரர்கள். அதே கணக்கில் 'இ' என்பது காற்புள்ளி, அதனால் இளங்கோக்கள் எல்லோருக்கும் மேலே முதல் வரியில். 'அ' என்பது எம், அதனால் அருணாசலம் கண்ணனுக்கும் பழனிக்கும் மணிக்கும் பிறகு. இத்தனை வருஷம் இதே வரிசையில்தான் ஆபீஸுக்குக் கொடுத்து வந்திருக்கிறோம். வாங்கிக்கொண்ட யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"பேரு எல்லாம் கீதில்ல, வுடு" என்றார் பெரியவர்.

பேத்தி விடவில்லை. அதன் கையில் இருந்த போனுக்கு அந்தக் கோப்பை அனுப்பச் சொன்னது. அனுப்பினால் போனில் வெறும் ஜே கே பி. போனுக்குப் பாமினி முகமூடி மாட்ட முடியாது. "தாத்தா, நாளைக்கு இந்தக் கடையை மூடிட்டாங்கன்னா நம்ம ஊரு லிஸ்ட்டு யாருக்குமே படிக்க வராது" என்றது. கடையை மூடுவதைப் பற்றி அது அவ்வளவு சாதாரணமாகப் பேசியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மாற்றுவதற்கு வழி இருந்தது. சுரதா யாழ்வாணன் செய்த பொங்குதமிழ் என்ற பக்கம். மேல் பெட்டியில் பாமினியைக் கொட்டினால் கீழ்ப் பெட்டியில் யூனிகோடு விழும். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் ஒருவர் செய்து எல்லோருக்கும் திறந்துவிட்ட கருவி, பாமினி அவர்கள் பக்கத்திலும் பெருவழக்கு. கொட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள் தலைக்கட்டு அத்தனையும் தமிழாகிவிட்டது. லிப்ரே ஆஃபீஸில் ஒட்டி வரிசைப்படுத்தினேன். அருணாசலம் மேலே போனார். கொம்புக்காரர்கள் கலைந்து அவரவர் இடத்துக்குப் போனார்கள். பேத்திக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரியில் விரல் வைத்தார். "மு. செல்வம் ரெண்டு பேரு எப்டி வந்தான்?"

அந்த ஊரில் இரண்டு செல்வம். ஒருவர் கண்ணப்பன் மகன், இன்னொருவர் முனுசாமி மகன். முதல் எழுத்துகளை அக்கா தனிக் கட்டத்தில், சிலருக்கு ஆங்கிலத்திலும் சிலருக்குத் தமிழிலுமாக, வந்தவர் சொன்னபடி அடித்து வைத்திருந்தார். கண்ணப்பன் மகனுக்கு ஆங்கிலப் பெரிய கே. மாற்றும் கருவிக்கு அது ஆங்கிலம் என்று எப்படித் தெரியும்? பாமினியில் பெரிய கே என்றால் 'மு'. இப்படியே பெரிய எம் எல்லாம் 'ஆ' ஆகியிருந்தன, பெரிய ஆர் எல்லாம் 'சு'. பிதற்றலாக மாறியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். மாறியது எல்லாம் நியாயமான தமிழ் முதலெழுத்துகள். ஆ. வேலு, சு. பழனி என்று எந்தச் சந்தேகமும் வராத பெயர்கள்.

"ஒரு செல்வத்துக்குப் பாடு கீது, ஒருத்தனுக்கு இல்ல" என்றார் பெரியவர். "இந்தத் தாளைக் கொண்டுபோனா ஊர்ல என்னைய ஏரியில எறக்கிடுவானுங்கோ."

பிறகு நடந்ததுதான் எங்கள் கடையின் உண்மையான லினக்ஸ் மாற்றம் என்று நான் நினைக்கிறேன். அக்கா ஒவ்வொரு பெயராக வாசித்தார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தகப்பன் பெயரைச் சொன்னார். ரேஷன் கார்டு ஜெராக்ஸ்கள் ஒரு கட்டு இருந்தது, பேத்தி அதில் சரிபார்த்தது. தகப்பன் பெயரோடு நிற்காமல் எந்தப் படகில் போகிறான், யார் வீட்டில் பெண் எடுத்தான், தானே புயலில் எவன் வலை போயிற்று என்று பெரியவர் சொல்லிக்கொண்டே போனார். இறந்துபோன சிலர் இன்னும் பட்டியலில் இருந்தார்கள். நீக்கலாமா என்று அக்கா கேட்டதற்கு, "அது ஊரு கூடித்தான் எடுக்கணும், மெசினு எடுக்கக்கூடாது" என்றார். டீ வந்தது, கரண்ட் போனது. நாலு பக்கமும் மின்நிலையப் புகைபோக்கி தெரிகிற ஊரில் கரண்ட் போவது பற்றி மீஞ்சூர்க்காரன் எழுதினால் அது தனிக் கட்டுரை. பேட்டரியில் வேலை தொடர்ந்தது. முடித்தபோது கடைசி வண்டிக்கு நேரமாகிவிட்டது.

முறைவாரிப் பட்டியலை மாற்றும்போது வரிசைப்படுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில்கூடப் போக வேண்டாம் என்று பெரியவர் திரையில் விரலால் அடித்துச் சொன்னார். சீட்டில் விழுந்த வரிசை அது. தொட்டால் போயிற்று.

அந்த மழைக்காலத்துக்குள் மற்ற கோப்புகளையும் மாற்றத் தொடங்கினோம். எல்லாவற்றையும் அல்ல. பத்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகளை யார் திரும்பக் கேட்கப் போகிறார்கள்? மனுக்கள், பட்டியல்கள், சங்கத் தீர்மானங்கள் இவற்றை மட்டும். சில பக்கங்களில் பாமினியோடு வேறோர் எழுத்துருவும் கலந்திருக்கும், முன்பு வேலை பார்த்த ஒரு பையனின் கைங்கரியம். அவற்றை அக்கா திரும்ப அடித்தார். கோப்புகளில் தேட முடிந்தது என்பதுதான் அவருக்குப் பெரிய அதிசயம். 'முகத்துவாரம்' என்று அடித்தால் அந்தச் சொல் வருகிற மனு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒரே கோரிக்கையை எந்தெந்தத் தேதியில் எத்தனை கலெக்டர்களிடம் கொடுத்திருக்கிறோம் என்று ஒரே தாளில் எடுத்துக் கொடுத்தோம். அடுத்த மனுவில் அந்தத் தேதிகளையே பெரியவர் முதல் பத்தியாக வைத்தார்.

2017 மே மாதம் வன்னாகிரை என்ற கொள்ளைக்கார வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, ஓய்வுபெற்று மூன்று வருஷமான எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு அப்டேட் விட்டது. டி.வி.யில் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடை மாமா ஓடி வந்தார். என் எக்ஸ்பிக்கு நெட்டே கிடையாது, வயர் ஆணியில் தொங்குகிறது என்று காட்டினேன்.

இப்போது மறுபடியும் அதே கதை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 நின்றது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், புதிய தலைமுறை பிராசஸர் வேண்டும். நன்றாக ஓடுகிற மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, "அண்ணா, இது இனிமே ஆகாதாமே" என்று வருகிறார்கள். லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். முன்பு இதே வாய் பாஸைத் தூக்கச் சொன்னதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. இந்த முறை மாற்றம் சப்பென்று முடிந்துவிடுகிறது. போனில் பிறந்த பிள்ளைகளுக்கு எழுதுவது எல்லாம் யூனிகோடுதான், எழுத்து எந்தப் பெட்டிக்குப் போனாலும் எழுத்தாகவே இருக்கிறது. பிரவுசர் இருந்தால் அவர்கள் வேலை நடந்துவிடும். அவர்களுக்கு பாமினி என்று சொன்னால் யாரோ ஓர் அத்தை பெயர்.

ஆனால் நாலாவது பெட்டி இன்னும் மூலையில்தான் இருக்கிறது. பவர் சப்ளை மாற்றினேன், ஹார்ட் டிஸ்க் மாற்றினேன், எக்ஸ்பியை மாற்ற முடியவில்லை. காரணம் கல்யாணப் பத்திரிகை. போன மாதம் காட்டூர் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை மென்பொருள் கம்பெனியில் இருக்கிறார், லினக்ஸ் என்றதும் என்னிடம் ஆர்வமாகப் பேசினார். யூனிகோடு எழுத்துருக்களில் பத்திரிகையை அமைத்துக் காட்டினேன். அவருடைய அம்மா தள்ளி வைத்துவிட்டார். "இது பேங்க் நோட்டீஸ் மாதிரி கீது. எங்க அக்கா பொண்ணு பத்திரிகையில 'சுபமுகூர்த்த'த்துக்கு வளைஞ்சு வளைஞ்சு கொடி மாதிரி போட்டிருந்தீங்களே, அது வேணும்." அந்தக் கொடி எழுத்து பழைய குறிமுறையில் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது, பேஜ்மேக்கரில்தான் ஒழுங்காக நிற்கும். யூனிகோடில் இப்போது நல்ல எழுத்துருக்கள் வந்துவிட்டன, பாடப்புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் போனுக்கும் குறைவில்லை. பட்டுப்புடவைக்கு ஜரிகை பார்க்கிற கண்ணோடு எழுத்தைப் பார்க்கிற அந்த அம்மாவுக்கு வேண்டியதைச் செய்தவர்கள் குறைவு. யாராவது செய்து வைத்திருந்தால் சொல்லி அனுப்புங்கள், கேட்கிற விலை கொடுத்து வாங்குகிறேன். தை மாதத்துக்குள் வேண்டும். ஏற்கெனவே மூன்று பத்திரிகைக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன்.